கடைசி பெஞ்சுக்குக் கேட்குமா?

எங்கள் பருத்தி மில் ஊரான ஹெய்ல்ஷாவில் ஆம்ப்ரோஸ் வாம்ஸ்லியின் கூரைக்கு அடியில் போகாமல் யாரும் ஒரு வாரத்தை ஓட்டிவிட முடியாது. பணம் போட்டால் அது அவர் கட்டிய பாங்க். மீன் வாங்கினால் அவர் கட்டிய மார்க்கெட். உடம்பு தேய்த்துக் குளித்தால் அவர் கட்டிய குளியல் கூடம். குடித்துவிட்டுத் தெருவில் பாடினால் மறுநாள் காலை தலைகுனிந்து நிற்க வேண்டியது அவர் கட்டிய நீதிமன்றம். இருபது வருடமாக ஊரில் புகைபோக்கிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்தான் எழுப்பிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே ஒரு கறை உண்டு. பருத்தி வியாபாரிகளுக்காக அவர் கட்டிய சந்தை மண்டபம். பார்க்க அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒருவன் ஒரு விலையைச் சொன்னால் சுவர் அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லும். டைட்டஸ் என்ட்விசில் ஒரு தடவை விலை கேட்டதற்கு மூன்று பேர் சரக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, என்ட்விசில் அதை மறுத்ததில்லை. ஆயிரத்து இருநூறு தறி ஓடும் மில்லுக்குச் சொந்தக்காரர் அவர். நகரசபையின் கட்டடக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் வருடம் ஜூன் மாதம் புதிய நகர மண்டபம் திறக்கத் தயாராக இருந்தது. வாம்ஸ்லி தன் உயிரையே அதன் கூரையில் வைத்திருந்தார். கவிழ்த்த படகு மாதிரி வளைந்த மரக்கூரை. நீலமும் பொன்னுமாக நாற்பத்தெட்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் பருத்திச் செடியும் பூவும் காயும். இரண்டு வருடம் அண்ணாந்து பார்த்தே அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

என்ட்விசில் மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு தடவை கை தட்டினார். சத்தம் கூரைக்குப் போய், சுவருக்குப் போய், நிதானமாகத் திரும்பி வந்தது.

“என்னய்யா வாம்ஸ்லி, இதுவும் உன் சந்தை மண்டபம் மாதிரிதானா?”

“காலி மண்டபம் இப்படித்தான் ஐயா முழங்கும். ஆள் நிறைஞ்சா அடங்கிடும்.”

“அடங்கினா சரி. வர்ற புதன்கிழமை திறப்பு விழாவுல நான் கடைசி பெஞ்சுல உட்காருவேன். மேயர் பேசறது எனக்குக் கேட்கணும். கேட்கலைன்னா மான்செஸ்டர்லேர்ந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து, உன் படகுக்குக் கீழே தட்டையா சுண்ணாம்புக் கூரை ஒண்ணு போட்டு மூடிடுவேன். குழுவுல ஏற்கெனவே பேசியாச்சு.”

என்ட்விசில் போன பிறகு வாம்ஸ்லி, மேடைக்குக் கீழே மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த தச்சு மேஸ்திரி ஜோப் கெர்ஷாவிடம் வந்து உட்கார்ந்தார்.

“ஜோப், எனக்கு நானூறு பேர் வேணும்.”

“எதுக்கு சார், என்ட்விசிலை அடிக்கவா?”

“கடைசி வரிசையில உட்கார்றதுக்குய்யா! ஆளை வச்சுச் சோதிச்சுப் பார்க்கணும்.”

ஜோப் யோசித்தார். “அவ்வளவுதானே? என் பொண்டாட்டிகிட்ட சொல்றேன். சனிக்கிழமை ஒரு மணிக்கு மில் சங்கு ஊதினதும் அவ தறிக்கூடத்துப் பொம்பளைங்களை அப்படியே ஓட்டிட்டு வந்துடுவா. டீயும் திராட்சை பன்னும் கொடுத்துடுங்க.”

ஜோப்பின் மனைவி கெசியா என்ட்விசில் மில்லில் நான்கு தறி ஓட்டுபவள். அவள் சொன்னால் அந்தத் தறிக்கூடமே கேட்கும். சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு, சால்வையும் மரச்செருப்புமாக நானூறு நெசவுக்காரிகள் மண்டபப் படிகளில் தடதடவென்று ஏறினார்கள். வாம்ஸ்லி அவர்களை பால்கனியிலும் கடைசி பெஞ்சுகளிலும் உட்காரவைத்து, மேடையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். “நான் பேசறது கேட்டா கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுங்கம்மா!”

வாசிப்பதற்குக் கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை. சட்டைப் பையில் கிடந்தது குளியல் கூடத்தின் விதிமுறைத் தாள். அதையே எடுத்து வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வாசித்தார்.

“வெந்நீர்த் தொட்டியில் ஒருவர் கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது.”

நானூறு கைக்குட்டைகள் எழுந்தன.

“நாய்களைக் குளிப்பாட்டக்கூடாது.” இன்னும் குறைந்த குரலில். நானூறு கைக்குட்டைகள்.

“சோப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது.” இது கிட்டத்தட்ட ரகசியம். கைக்குட்டைகளோடு, “அங்க ஏதுங்க சோப்பு!” என்று பால்கனியிலிருந்து ஒரு குரலும் வந்தது.

வாம்ஸ்லிக்குத் தலைகால் புரியவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய ஆர்கன் இசைப்பெட்டியைக் காட்டத் திரும்பியபடியே இரண்டு வரி வாசித்தார். அப்போது மட்டும் ஒரு கைக்குட்டையும் எழவில்லை. பெட்டியின் அழகைப் பார்த்துச் சொக்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டார். மறுபடி அவர்கள் பக்கம் திரும்பி, தனக்குள்ளேயே, மூச்சுக்கூட வெளியே வராமல், “கடவுளே, எனக்கு அழுகையே வந்துடும் போலிருக்கு” என்று முணுமுணுத்தார்.

“அழாதீங்க சார்! டீ ஆறிடும்!” என்று பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து கெசியா கூவினாள். நானூறு பேரும் சிரித்தார்கள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? முணுமுணுப்பே கடைசி வரிசைக்குப் போகிறது! வாம்ஸ்லி அன்றைக்கே என்ட்விசிலுக்குக் கடிதம் எழுதினார். “மேடையில் ஊசி விழுந்தாலும் தங்கள் பெஞ்சுக்குக் கேட்கும்.” பதிலுக்கு ஒரே வரி வந்தது. “புதன்கிழமை பார்க்கலாம்.”

திங்கள்கிழமை மத்தியானம், மிச்சமிருந்த பன் கூடையைத் தூக்கிக்கொண்டு, கெசியாவுக்கு நன்றி சொல்ல வாம்ஸ்லி என்ட்விசில் மில்லுக்குப் போனார். ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டியவர்தான். ஆனால் ஓடுகிற தறிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

கதவைத் திறந்ததும் சத்தம் அவரைச் சுவரோடு தள்ளியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தறிகள். ஒவ்வொன்றிலும் ஊடுநூலைச் சுமந்த நாடாக்கட்டை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டு ஓடியது. “கெசியா!” என்று கத்தினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

ஆனால் கூடம் முழுக்க அரட்டை நடந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியில் ஒருத்தி வாயை அகலமாகத் திறந்து, உதட்டைக் குவித்து, இழுத்து, எதையோ சொன்னாள். இருபது தறி தள்ளி இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமே இல்லை. உதடுகள் மட்டும் ஆடின. மூன்றாவது ஒருத்தி வாம்ஸ்லியின் தொப்பியைப் பார்த்து ஏதோ சொல்ல, மூன்று வரிசையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

வாம்ஸ்லி கையிலிருந்த கூடை நழுவியது. பன்கள் தறிகளுக்கு அடியில் உருண்டன.

கெசியா அவரை வெளி முற்றத்துக்கு இழுத்து வந்தாள்.

“கெசியா, சனிக்கிழமை நான் பேசினது உனக்குக் கேட்டுதா?”

“ஓ, கேட்டுதே சார். நாய்களைக் குளிப்பாட்டக் கூடாது.”

“காதால கேட்டுதா?”

“காதாலயா? இருபத்தாறு வருஷமா தறிக்கூடத்துல நிக்கிறேன் சார். எங்களுக்குக் காது எதுக்கு? ஒருத்தர் வாயைத் திறந்தா என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுடும். நீங்க மழமழன்னு சவரம் பண்ணிட்டு, வாயை நல்லா அசைச்சுப் பேசினீங்க. அச்சுல பார்த்த மாதிரி இருந்துது.”

“அப்ப நான் திரும்பி நின்னப்போ…”

“முதுகைப் பார்த்து என்ன சார் தெரிஞ்சுக்கிறது?”

வாம்ஸ்லி அங்கேயே ஒரு பருத்தி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கெசியா ஆள் அனுப்பியதும் மண்டபத்திலிருந்து ஓடி வந்த ஜோப், தலையைச் சொறிந்தார்.

“நான் அன்னிக்கு பால்கனியில டீ ஊத்திட்டு இருந்தேன் சார். எனக்கு ஒரு எழுத்துகூட விளங்கலை. பானையில தண்ணி கொதிக்கிற மாதிரி இருந்துது.”

“அதை ஏன்யா அன்னிக்கே சொல்லலை?”

“நானூறு பேருக்குக் கேட்டிருக்கு. எனக்குத்தான் காது அடைச்சுக்கிச்சுன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய் எண்ணெய் விட்டுக்கிட்டேன்.”

“ஆமா சார், ஒரு முழுக் கரண்டி ஊத்திக்கிட்டார். தலையணை உறை பாழாப் போச்சு” என்றாள் கெசியா. பிறகு வாம்ஸ்லியின் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாள். “எதுக்கு சார் இப்படி உட்கார்ந்துட்டீங்க? கடைசி பெஞ்சுல உட்காரப் போறது எங்க முதலாளிதானே? அவரும் நெசவுக்காரர்தான். ஒன்பது வயசுல எங்க அம்மா தறியிலதான் நூல் முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தார். இருபது வயசுல கூடத்தை விட்டுட்டார். அதனால காது தப்பிச்சுது. ஆனா உதட்டைப் படிக்கிறதுல என்னைவிடக் கெட்டி. மேயர் வாயைத் திறந்தாப் போதும், பிடிச்சுடுவார்.”

வாம்ஸ்லியின் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. மூன்று பேரும் ஒரே விஷயத்தை நினைத்தார்கள். மேயர் ஹெசக்கையா பில்லிங்கின் தாடி. மீசை வந்து வாயை மூட, தாடி வந்து மீசையை ஏந்திக்கொள்ள, நடுவில் வாய் என்று ஒன்று இருப்பதற்கு அவர் சாப்பிடும்போது மட்டும்தான் சாட்சி கிடைக்கும்.

“கொஞ்சம் கத்தரிச்சுக்கச் சொல்லிப் பாருங்களேன்” என்றார் ஜோப்.

அன்று சாயங்காலமே வாம்ஸ்லி மேயர் வீட்டில் இருந்தார். புதிய மண்டபம், புதிய காலம், படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சுற்றி வளைத்தார். மேயர் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எடுக்கவா? வாம்ஸ்லி, என் கல்யாணத்துக்கு முன்னாடியே இது வந்துடுச்சு. என் தாடையை என் சம்சாரம் இதுவரை பார்த்ததே இல்லை. இத்தனை வயசுக்கு மேல அவளுக்கு ஒரு அதிர்ச்சி கொடுக்கணுமா?”

“மீசையை மட்டுமாவது…”

“மீசையை எடுத்தா தாடி தனியா என்ன பண்ணும்?”

தெருவில் இறங்கி நடக்கும்போது வாம்ஸ்லிக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. கூரையைக் காப்பாற்ற ஒரு மனிதனின் தாடியைத் திருடப் பார்த்திருக்கிறார். அப்படியே காப்பாற்றியிருந்தாலும் என்ன? என்ட்விசில் தலையாட்டுவார். மீதி ஆயிரம் பேரும் கொதிக்கிற பானையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மண்டபம் இன்னும் நூறு வருடம் நிற்கப்போகிறது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, என்ட்விசிலைத் தேடிப் போனார். அவர் மில்லின் துணிக் கிடங்கில் நின்று சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து உத்தரம்வரை, நான்கு பக்கமும், சிவப்புச் சாயத்துணிக் கட்டுகள்.

“ஐயா, நான் உங்களுக்கு எழுதின கடிதம் தப்பு” என்று வாம்ஸ்லி ஆரம்பித்தார். சனிக்கிழமை நடந்தது, தறிக்கூடத்தில் பார்த்தது, மேயர் வீட்டுக்குப் போனது, எல்லாவற்றையும் சொன்னார்.

என்ட்விசில் சிரிக்கவில்லை. “ஆக, என் கண்ணை வச்சே என் காதை ஏமாத்தப் பார்த்திருக்கே.”

“ஆமாம் ஐயா.”

“மேயர் தாடியில கை வைக்கிற அளவுக்கு?”

“ஆமாம் ஐயா.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு விழா. இப்ப வந்து என்கிட்ட சொல்லி என்ன பண்ணச் சொல்றே?”

வாம்ஸ்லி பதில் சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். இவ்வளவு பெரிய கிடங்கு. கல் சுவர். உயரமான உத்தரம். ஆனால் இத்தனை நேரம் இருவரும் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூடத் திரும்பி வரவில்லை. இரண்டு தடவை கை தட்டிப் பார்த்தார். சத்தம் பட்டென்று கேட்டு அதோடு செத்தது.

“உனக்கென்ன ஆச்சு?”

“ஐயா, இந்தத் துணி சத்தத்தைத் தின்னுடுது! எனக்கு நூத்தைம்பது கட்டு கடன் கொடுங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு!”

“என் துணியைக் கொண்டுபோய் உன் கூரையை மூடப் போறியா?”

“கூரையை மூடாம இருக்கத்தான் ஐயா கேட்கிறேன். பால்கனிக் கைப்பிடி, பக்கச் சுவர், பின்சுவர், எல்லாத்துலயும் மடிப்பு மடிப்பாத் தொங்கவிடப் போறேன். கூரை அப்படியே இருக்கும்.”

என்ட்விசில் ஒரு கட்டைத் தடவிப் பார்த்தார்.

“புதன்கிழமை கடைசி பெஞ்சுன்னுதான் சொன்னேன். அதுக்குள்ள நீ மண்டபத்தை என்ன செஞ்சாலும் அது உன் பாடு. எடுத்துட்டுப் போ. ஆனா துணியில ஒரு ஆணி ஓட்டை விழுந்தாலும் உன் கூரையில நான் நாற்பத்தெட்டு ஓட்டை போடுவேன்.”

பத்து மணிக்கு வண்டிகள் வந்தன. ஜோப்பும் தச்சர்களும் சுவரைச் சுற்றி மரச்சட்டம் அடித்தார்கள். ஆணி கூடாது என்பதால் துணியை எப்படிப் பிடிக்கவைப்பது என்று தெரியாமல் மத்தியானம் வரை திண்டாடினார்கள். ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் கெசியா அறுபது பேரோடு வந்தாள். சட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“இந்தாய்யா ஜோப், இதுக்கா இவ்வளவு நேரம்? ஓரத்துல நாடா தைச்சுக் கட்டித் தொங்கவிட்டாப் போச்சு.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.”

“நீ சொல்ல வந்ததை உன் உதட்டுல நான் பார்க்கலையே!”

ஜூன் மாத வெளிச்சம் இருக்கும்போதே வேலை முடிந்தது. மண்டபம் முழுக்கச் சிவப்பு மடிப்புகள். தலைக்கு மேலே நீலமும் பொன்னும். வாம்ஸ்லி மேடையிலிருந்து பேசிப் பார்த்தார். ஜோப் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, “கொஞ்சம் விளங்குது சார். பாதிப் பானை” என்றார். மீதி முழக்கத்தை மறுநாள் வரும் கூட்டம் தின்றால்தான் உண்டு.

புதன்கிழமை மில்களுக்கு அரை நாள் விடுமுறை. மண்டபத்தில் எள் போட இடமில்லை. ஊரே சிவப்புத் துணி அலங்காரத்தைப் புகழ்ந்தது. வாம்ஸ்லி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ட்விசில் அங்கே, சுவரை ஒட்டி, நடுவில் உட்கார்ந்திருந்தார்.

மேயர் எழுந்தார். தாடி அசைந்தது. உள்ளேயிருந்து பேச்சு புறப்பட்டது.

வாம்ஸ்லி மறுபடி கடைசி பெஞ்சைப் பார்த்தார். என்ட்விசில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரா? கேட்காத பேச்சுக்கு யார்தான் விழித்திருப்பார்கள்? ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அந்த முகத்தில் ஒரு அசைவு இல்லை. வாம்ஸ்லி மெல்ல அண்ணாந்து தன் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். பன்னிரண்டாவது பலகையில் இருந்தபோது மேயர் இப்படிச் சொன்னார்:

“இந்த நகரத்துக்கு ஒரு மண்டபம் வேண்டும் என்று சபையில் முதன்முதலாக எழுந்து சொன்னவன் நான் என்பதைத் தாழ்மையோடு…”

“பொய்!”

கடைசி பெஞ்சிலிருந்து வந்த குரல் இடியாக விழுந்தது. கண் இன்னும் மூடியே இருந்தது. விரல் மட்டும் மேடையை நோக்கி நீண்டிருந்தது.

“சொன்னவன் நான்! நீங்க அன்னிக்கு சபைக்கே வரலை! பிளாக்பூல்ல கடல் குளியலுக்குப் போயிருந்தீங்க!”

மேயர் தாடியை நீவிக்கொண்டார். “நண்பர் என்ட்விசில் சொல்வது சரியாக இருக்கலாம். இரண்டாவதாக ஆதரித்துப் பேசியவன்…”

“அதுவும் நீங்க இல்லை! அது ஹார்க்ரீவ்ஸ்!”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. முன் வரிசை, நடு வரிசை, பால்கனிக்கு அடியில் நின்றவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருவர் தவறாமல் எல்லோருக்கும் கேட்டிருந்தது. வாம்ஸ்லி நாற்காலியிலிருந்து எழுந்தது அவருக்கே தெரியாது. மேயரின் பேச்சுக்கு நடுவில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். மேயர் அதைத் தனக்குக் கிடைத்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டு தலைவணங்கினார்.

விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது வாம்ஸ்லி இருக்கைகளுக்கு நடுவே ஓடி, கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

“ஐயா, நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்ததைப் பார்த்து நான் செத்தே போயிட்டேன்.”

“பின்னே? திறந்து வச்சிருந்தா என் காது கேட்டுதா, கண்ணு கேட்டுதான்னு எனக்கே தெரியாதே. தாடிக்குள்ளே இருந்தாலும் அந்த ஆள் வாயை நாற்பது வருஷமாப் பார்க்கிறேன்.” என்ட்விசில் பெஞ்சில் சாய்ந்து, முதல் தடவையாக அண்ணாந்தார். நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான்யா பண்ணியிருக்கே. இது இருக்கட்டும். துணியும் இருக்கட்டும். மான்செஸ்டர்காரனுக்கு நானே எழுதிடறேன், வர வேண்டாம்னு.”

அப்போது பால்கனியில், படியிறங்கக் காத்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து, கெசியா அவரைப் பார்த்து வாயை அகலமாக அசைத்து ஏதோ சொன்னாள். சுற்றி நின்றவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். வாம்ஸ்லி கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“வாழ்த்துச் சொல்றாளா ஐயா?”

என்ட்விசில் பால்கனியை ஒரு கணம் பார்த்தார்.

“இல்லை. காலையிலேர்ந்து உன் கழுத்துப்பட்டி முதுகுப் பக்கம் திரும்பியிருக்காம். இதோட போய் மேயர் சம்சாரத்துக்குக் கை கொடுக்காதேங்கிறா.”